நகாசெண்டோ நடைப்பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புதிதாக நடக்க வருகிறவர்கள் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஜப்பானில் எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் மலைகளின் ஊடே இணைத்த நெடுஞ்சாலை நகாசெண்டோ. வழிநெடுகப் பயணிகள் தங்கிச் செல்ல 69 ஊர்கள். வழிகாட்டியுடன் வருகிறவர்கள் பெரும்பாலும் கிசோ பள்ளத்தாக்கில் நடக்கிறார்கள். காலணியைப் பழக்குங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய பெட்டியில் மருந்து

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். இந்தப் பயணங்களில் பெரிய பெட்டியை லாரியில் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் மறுநாள்தான் போய்ச் சேரும். மலை ஊர்களைத் தாண்டி நேரே மட்சுமோட்டோ நகரத்துக்கு அனுப்பினால், இரண்டு மூன்று இரவுகள் அது கண்ணிலேயே படாது. முந்தைய மாலை வழிகாட்டி தெளிவாகச் சொல்லியும், முதுகுப்பையின் பாரத்தைக் குறைக்கிறோம் என்று முக்கியமானதையெல்லாம் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

ஒருமுறை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சுமாகோ விடுதியில் இரவு உணவு முடிந்த பிறகுதான் ரத்த அழுத்த மாத்திரையைத் தேடினார். முதுகுப்பையில் இருந்தவை மூன்று புத்தகங்களும் ஒரு ஹேர் டிரையரும். மாத்திரை பெட்டியோடு போய்விட்டது. மறுநாள் காலை நாகிசோவில் ரயிலேறி நகட்சுகாவா மருத்துவமனைக்குப் போனார். துணைக்கு வழிகாட்டியும் போக வேண்டியதாயிற்று. மற்றவர்கள் 1,197 மீட்டர் உயரமுள்ள டோரி கணவாயை விளக்கம் சொல்ல ஆளின்றிக் கடந்து நராய் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் பணம் கட்டிய ஒரு நாள் வீணாயிற்று.

மருந்து, மழைச்சட்டை, மாற்றுக் காலுறை, மூக்குக்கண்ணாடி, ரொக்கம் ஆகிய ஐந்தும் தோளிலேயே இருக்கட்டும். இரவு உடை தேவையில்லை. விடுதியில் யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கி தருவார்கள்.

நனைந்த கல்தளம்

மகோமேயிலிருந்து சுமாகோவுக்கு எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் மழையில் பாசி படிந்த கற்கள் வழுக்கும், அதிலும் இறக்கத்தில். படம் எடுக்க வேண்டுமானால் நின்று எடுங்கள்.

இருட்டிய பின் விடுதி சேர்வது

ஆறு மணிக்கு உணவு. அதற்கு முன் குளியல்.

கரடி மணி

வழியில் தொங்கும் மணியை அடித்துவிட்டு நடங்கள். சத்தம் கேட்டுக் கரடி விலகிப் போகத்தான் அது.

சைவம் என்று மட்டும் சொல்வது

கண்ணுக்கு மீன் தெரியாத சூப்பிலும் காய்கறிக் கூட்டிலும் தாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு. மீன் சாறும் கூடாது என்பதை முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். குடும்பமாக நடத்தும் சிறு விடுதியில், தட்டு வந்த பிறகு வேறொன்று சமைத்துத் தர ஆளும் இல்லை, பொருளும் இல்லை.