வக்கீல் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் மாதத்து வேலைகள், ஒவ்வொன்றாக

டைப்ரைட்டிங் லோயர் கிரேடு பாஸ் செய்த கையோடு ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்தேன். தமிழும் ஆங்கிலமும் அடிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது, அடிப்பது இதில் கால்வாசி வேலைதான். சீனியர் நாள் முழுக்க என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. "கட்டு எங்கம்மா?" "வாய்தா என்னைக்கு?" கட்டு என்றால் ஒரு வழக்கின் காகிதங்கள், வாய்தா என்றால் கோர்ட் போட்ட தேதி. இந்த இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்த அன்றுதான் எனக்கு வேலை பிடிபட்டது என்று சொல்வேன்.

கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டில் முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாஜிஸ்திரேட் கோர்ட் பார்க்கும் சாதாரண வக்கீல் ஆபீஸுக்குப் பொருந்தும். ஹைகோர்ட் வேலை தனி. அதை இதில் கலக்கவில்லை.

படி 1: டைரி

சேர்ந்த அன்றே ஆபீஸ் டைரியைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு தேதிப் பக்கத்திலும் அன்றைக்குள்ள வழக்குகள் இருக்கும். ஒரு வரியில் எழுத வேண்டியவை: எந்தக் கோர்ட், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், நாம் வாதியா பிரதிவாதியா, போன வாய்தா எது, இன்றைக்கு எதற்காக. அந்த ‘எதற்காக’வை மட்டும் விட்டுவிடாதீர்கள். சம்மனுக்கா, எதிருரைக்கா (பிரதிவாதி எழுதித் தரும் பதில்), சாட்சி விசாரணைக்கா, வாதத்துக்கா என்று தெரியாமல் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் வெறுங்கையோடு நிற்பார். திட்டு உங்களுக்கு வரும்.

வழக்கு எண்ணின் முன்னெழுத்தைப் பார்த்தாலே அது என்ன வழக்கு என்று பிடிபட வேண்டும். ஓ.எஸ். என்றால் அசல் சிவில் வழக்கு. ஐ.ஏ. அதற்குள் போடும் இடைக்கால மனு. ஈ.பி. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு. எச்.எம்.ஓ.பி. இந்து திருமண வழக்கு, எம்.சி.ஓ.பி. வாகன விபத்து இழப்பீடு, சி.சி. மாஜிஸ்திரேட் கோர்ட் வழக்கு. ஒரு ஓ.எஸ்.ஸுக்குள் நான்கு ஐ.ஏ. இருக்கலாம், நான்குக்கும் வேறு வேறு தேதி விழலாம். புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எண்ணை எழுதும்போது ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். 45/2019-உம் 45/2021-உம் ஒரே கோர்ட்டில் ஒரே நாளில் வரும்.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம். கோர்ட்டில் தேதியை ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். பெஞ்ச் கிளார்க் "தர்ட்டீன்த்" என்றது என் காதில் "தர்ட்டியத்" என்று விழுந்தது. 30 என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். 13-ஆம் தேதி நம் தரப்பு எதிருரை போடவில்லை. கூப்பிட்டார்கள், யாரும் இல்லை, ஒருதலைப்பட்சம், அதாவது நம் தரப்பைக் கேட்காமலே நடத்தும் வழக்கு, ஆகிவிட்டது. பிறகு அதை ரத்துசெய்ய மனு போட்டு, எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டித்தான் வழக்கை மீட்டோம். அந்தப் பணத்தைக் கட்சிக்காரரிடம் கேட்காமல் சீனியரே கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட பரவாயில்லை என்று இருந்தது.

அன்றிலிருந்து தேதியோடு கிழமையையும் கேட்டுக் குறிக்கிறேன். "13, புதன்தானே சார்?" கிழமை ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். சாயங்காலம் இ-கோர்ட்ஸ் செயலியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு: டி.என். என்று ஆரம்பித்து, மாவட்டக் குறி, கோர்ட் எண், வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. அதைக் கட்டின் அட்டையிலேயே எழுதிவைத்தால் தேடும் வேலை மிச்சம். செயலியில் தேதி ஏறத் தாமதமானாலும் ஆகும். அதனால் அதை நம்பி டைரி எழுதாமல் இருக்கக் கூடாது. டைரியைச் சரிபார்க்கத்தான் அது.

படி 2: கட்டு

ஒரு வழக்கின் எல்லாக் காகிதங்களும் சேர்ந்ததுதான் கட்டு. பிராது (வாதி போடும் வழக்குரை), எதிருரை, மனுக்கள், ஆவணங்கள், கடிதங்கள் என்று பிரித்து, தேதிவாரியாக டேக் போட்டுக் கட்டுங்கள். கோர்ட்டிலிருந்து திரும்பிய கட்டை அன்றைக்கே அதன் அலமாரியில் வைத்துவிடுங்கள். மேஜை மேல் ஒரு ராத்திரி தங்கிய கட்டு அடுத்த வாரம் காணாமல் போகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனியர் வக்கீல் வீட்டுக்கு எடுத்துப்போனால் ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முறைப்பார்கள். வாங்குங்கள்.

கட்சிக்காரர் கொடுக்கும் அசல் ஆவணம் மட்டும் கட்டுக்குள் போகக் கூடாது. பத்திரம், புரோநோட் (கடன் உறுதிச் சீட்டு), செக் எதுவானாலும் தனி கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். பஞ்ச் போடாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், மேலே பேனாவால் எதுவும் குறிக்காதீர்கள். வாங்கியதற்கு ரசீது கொடுத்து, அதன் நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். புரோநோட் வழக்கில் அந்த ஒற்றைக் காகிதம்தான் வழக்கே.

படி 3: தாக்கல்

சீனியர் சொல்லச் சொல்ல அடித்தாயிற்று, திருத்தமும் ஆயிற்று. இனி அதைக் கோர்ட்டில் ‘நம்பர்’ ஆக்க வேண்டும், அதாவது வழக்கு எண் வாங்க வேண்டும்.

முதலில் பிரதிக் கணக்கு. கோர்ட்டுக்கு ஒன்று, பிரதிவாதி ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. மூன்று பிரதிவாதி என்றால் மொத்தம் ஐந்து. பிரமாண பத்திரத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பக்க எண்ணும் ‘திருத்தங்கள்: இல்லை’ என்பதும் வர வேண்டும். பேனாவால் ஒரு எழுத்து திருத்தினாலும் அது ‘இல்லை’ கிடையாது, ‘ஒன்று’. வெளியே டாக்கெட் என்னும் மேல்பக்கக் குறிப்பில் கோர்ட் பெயர், எண், கட்சிக்காரர்கள், என்ன மனு, வக்கீல் பெயர் எல்லாம் உள்ளே இருப்பதோடு அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். உள்ளே ‘முருகேசன்’, வெளியே ‘முருகேஷ்’ என்றால் காகிதம் திரும்பி வரும்.

வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் படிவம்) கட்சிக்காரர் கையெழுத்து, அதற்குச் சான்று, வக்கீல் ஏற்றுக்கொண்ட கையெழுத்து மூன்றும் இருக்கிறதா, ஸ்டாம்புகள் ஒட்டியாயிற்றா என்று பாருங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. நாளைக்கு அவர் ‘நான் போடவே இல்லை’ என்றால் பக்கத்தில் நின்று வாங்கியது நீங்கள்தான்.

பண வழக்கு என்றால் கோர்ட் பீஸ் கோரும் தொகையில் 3 சதவீதம். 2017-க்கு முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. அசலும் வழக்குத் தாக்கலாகும் நாள் வரையிலான வட்டியும் சேர்ந்து 2 லட்சம் என்றால் 6,000 ரூபாய். இணையத்திலும் கட்டலாம், ரசீதை அச்செடுத்து இணைத்துவிடுங்கள். மின்தாக்கல் செய்யும் கோர்ட் என்றால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள், ஒரு பக்கமாவது தலைகீழாக இருக்கும்.

தாக்கலானதும் கோர்ட் ஆபீஸ் பரிசோதித்து, குறை இருந்தால் குறிப்பெழுதித் திருப்பும். இதை நாங்கள் ‘ரிட்டர்ன்’ என்போம். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாருடைய காகிதமும் திரும்பும். ஆனால் இத்தனை நாளைக்குள் சரிசெய்து மறுபடி கொடு என்று கெடு போட்டிருக்கும். அந்தக் கெடுவையும் டைரியில் வாய்தா மாதிரியே எழுதுங்கள். தவறினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டியிருக்கும். ஒரு காகிதம் இரண்டாகும்.

நம்பர் ஆனதும் சம்மனுக்கு பேட்டா கட்ட வேண்டும். கோர்ட் ஊழியரான அமீனா நோட்டீஸ் கொண்டுபோவதற்கான கட்டணம் அது. சின்னத் தொகைதான். ஆனால் கட்டாமல் விட்டதற்காகவே வழக்கு தள்ளுபடியாகலாம்.

படி 4: நாள் கணக்கு

சட்டம் படித்தவர் சீனியர். ஆனால் விரல் மடக்கி எண்ணுவது நாம். செக் ரிட்டர்ன் வழக்கையே எடுத்துக்கொள்வோம், ஆபீஸுக்கு ஆபீஸ் வரும்.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து நம் கட்சிக்காரருக்கு வந்தது மார்ச் 3 என்று வையுங்கள். 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மார்ச் 3-ஐ விட்டுவிட்டு 4-ஐ ஒன்று என்று எண்ணினால் ஏப்ரல் 2 கடைசி நாள். எதிராளி நோட்டீஸை வாங்கியது ஏப்ரல் 8. பணம் கட்ட அவருக்கு 15 நாள். அது ஏப்ரல் 23-இல் முடிகிறது. கட்டவில்லை என்றால் 24-ஆம் தேதி வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை) பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது மே 24-க்குள் புகார் தாக்கலாக வேண்டும். 24-ஆம் தேதிக்கு முன்பே அவசரப்பட்டுப் போட்டாலும் செல்லாது.

மே மாதம் கோர்ட் லீவுதானே என்று இருந்துவிடாதீர்கள். கோடை விடுமுறை சிவில் கோர்ட்டுக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட் நடந்துகொண்டுதான் இருக்கும். கடைசி நாளை டைரியில் சிவப்பு மையில் எழுதுங்கள், அப்புறம் அதற்கு ஒரு வாரம் முந்தைய பக்கத்திலும் ‘செக் கேஸ், இந்த வாரம்’ என்று எழுதுங்கள். தபால் அனுப்பிய ரசீதையும் எதிராளி வாங்கிய அத்தாட்சியையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். இந்தக் கணக்கு முழுக்க அந்த இரண்டு காகிதத்தின் மேல்தான் நிற்கிறது.

மற்றவற்றில் மனப்பாடமாக இருக்க வேண்டியவை: சம்மன் கிடைத்ததிலிருந்து எதிருரைக்கு 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்துசெய்ய 30 நாள். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு 30 நாள். கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு) போட்டால் 90 நாள் உயிரோடு இருக்கும். 2024 ஜூலை 1 முதல் கிரிமினல் சட்டங்கள் மாறிவிட்டதால் பழைய ஜாமீன் மனுவை எடுத்து அப்படியே பெயரை மாற்றி அடிக்காதீர்கள். 439 என்று இருந்த பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 483.

படி 5: நகல் மனு

தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ நகல் மனு போட்டுவிடுங்கள், கட்சிக்காரர் அப்பீல் போகிறாரா இல்லையா என்று முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சான்றிட்ட நகலைத் திருப்பிப் பார்த்தால் வரிசையாகத் தேதிகள் இருக்கும்: மனு போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். நகலுக்காகக் காத்திருந்த நாட்களை அப்பீல் கெடுவில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதை நாம் பார்க்காமல் பத்து நாள் விட்டால் அந்தப் பத்து நாள் நம் தலையில்தான். அதனால் நகல் மனு நிலுவையில் இருக்கும்வரை கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பலகையை ஒரு பார்வை பாருங்கள்.

படி 6: வருகிறவர்கள்

"கேஸ் ஜெயிக்குமாம்மா?" என்று கேட்பார்கள். "சார்கிட்ட கேளுங்கய்யா" என்பதுதான் எப்போதும் பதில். எதிர்த்தரப்புக்காரர் போன் செய்து நைசாகத் தேதி கேட்டால் தேதியைச் சொல்லலாம், அது யாரும் பார்க்கக்கூடியதுதான். கட்டுக்குள் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பீஸ் பணம் கையில் கொடுத்தால் அப்போதே ரசீது புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வாய்தாவும் முடிந்ததும் கட்சிக்காரருக்கு அடுத்த தேதியைச் சொல்லிவிட்டால் ஆபீஸுக்கு வரும் போனில் பாதி குறைந்துவிடும்.

படி 7: சாயங்காலம்

ஆறு மணிக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இன்றைய பக்கத்தில் அடுத்த தேதி எழுதாத வரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஜூனியருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். எழுதிய ஒவ்வொரு தேதியும் அந்தத் தேதிப் பக்கத்திலும் ஏறியிருக்க வேண்டும். பிறகு நாளைய பக்கத்தைப் பார்த்துக் கட்டுகளை எடுத்து, கோர்ட்வாரியாக அடுக்குங்கள், முதலில் கூப்பிடக்கூடியது மேலே. ஒரு துண்டுச்சீட்டில் பட்டியல் எழுதி சீனியர் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே வையுங்கள். காலையில் அவர் வந்து சீட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வேலை சரியாக நடக்கிறது.