பவளத் துண்டை ஒட்டும்போது லேசாகத் திருகுங்கள்

கடல்நீர் மீன்தொட்டியில் வளர்க்கும் உயிருள்ள பவளத் துண்டை நீருக்கடியிலேயே பாறையில் ஒட்டுகிறீர்கள் என்றால், பசை தடவிய அடிப்பாகத்தை அழுத்துவதோடு நிறுத்தாமல், இடமும் வலமுமாக இரண்டு முறை லேசாகத் திருகி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருங்கள். பசை ஜெல் வகை சூப்பர் க்ளூவாக இருக்கட்டும்.

அதிலுள்ள சயனோஅக்ரிலேட் ஈரம் பட்டால் இறுகும் என்பதால், நீருக்குள் கொண்டுசெல்லும் சில நொடிகளிலேயே பட்டாணி அளவுள்ள அந்தப் பசைத்துளியின் மேல் வெண்மையாக ஒரு மெல்லிய தோல் படர்ந்துவிடுகிறது. வெறுமனே அழுத்தினால் பாறையைத் தொடுவது அந்தத் தோல்தான், அது பிடிக்காது. திருகும்போதோ தோல் கிழிந்து, உள்ளிருக்கும் புதுப் பசை பாறையின் நுண்துளைகளில் இறங்குகிறது. ஒட்டுமிடத்தில் உள்ள பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் முன்பே தேய்த்துவிடுங்கள். பாசியின் மேல் ஒட்டிய துண்டு பாசியோடு கழன்று வரும். வளர்ச்சியைப் படமெடுத்து ஒப்பிட விரும்புவோர், துண்டின் முகம் முன்கண்ணாடிக்கு நேராக அமையுமாறு இப்போதே திருப்பி வைப்பது நல்லது, ஏனெனில் கண்ணாடி வழியே சாய்வாக எடுக்கும் படம் தெளிவாக வராது.

கனமான துண்டுகளுக்கு இது போதாது. பிசைந்தால் இறுகும் ஒட்டுமாவான எபாக்ஸியை உருட்டி, அந்த உருண்டையின் இருபுறமும் ஜெல் தடவி, துண்டுக்கும் பாறைக்கும் நடுவே வைக்க வேண்டும். வழவழப்பான கோழை சுரக்கும் காளான் பவளங்களைப் பசையால் ஒட்ட முயலாமல், சிறு கற்கள் இட்ட கிண்ணத்தில் வைத்து வலையால் மூடி, தாமாகப் பற்றிக்கொள்ளும் வரை விட்டுவிடுங்கள்.