ஒன்டாரியோவில் வீட்டு வரைபடத் தொழில் தொடங்குகிறீர்களா?

சி.இ.டி. (பொறியியல் தொழில்நுட்பவியலாளர்) சான்றிதழ் கிடைத்தவுடன் வீட்டு வரைபடம் வரைந்து பெர்மிட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒன்டாரியோவில் சிலர் நினைக்கிறார்கள். அது போதாது. மாகாணத்தின் கட்டட விதித்தொகுப்புத் தேர்வுகளில், சட்டப் பகுதியையும் 'ஹவுஸ்' போன்ற ஒரு தொழில்நுட்பப் பிரிவையும் தேறி பி.சி.ஐ.என். என்னும் கட்டட விதித்தொகுப்பு அடையாள எண் வாங்க வேண்டும். பிறருக்கு வரைந்து காசு வாங்குவதென்றால் நிறுவனத்தையும் தனியாகப் பதிய வேண்டும். அதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். பெரும்பாலும் கையைக் கடிப்பது இந்தக் காப்புறுதிதான். ஆகவே முதல் வாடிக்கையாளரிடம் விலை சொல்வதற்கு முன்பே இரண்டு மூன்று தரகர்களிடம் பிரீமியம் கேட்டுவிடுங்கள். தொழிலை நிறுத்திய பிறகு பழைய வேலைக்கு வழக்கு வந்தால் காப்பு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, எதை வரையலாம்? 3 மாடிக்கும் 600 சதுர மீட்டருக்கும் உட்பட்ட வீடுகளே பெரிய களம். 2022 சட்ட மாற்றத்துக்குப் பிறகு பேஸ்மென்ட் குடியிருப்பு, பின்வளவு வீடு போன்ற வேலைகளுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டி ஆழமாக்கும் வேலை வந்தால் பொறியியலாளரின் முத்திரை வேண்டும். அவருடைய கட்டணத்தை உங்கள் விலைக்குள் புதைக்காமல் ஒப்பந்தத்தில் தனி வரியாகவே காட்டுங்கள்.

அப்புறம், விசிட்டிங் கார்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போடாதீர்கள். உரிமம் இல்லாதவர் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.