மம்மி பார்க்கப் போகும் முன் பிள்ளைகளுக்குக் கெபெஹுத்தைச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சிட்டி ஹாலில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு எகிப்திய மம்மி இருக்கிறது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவதாக இருந்தால், பிணத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற பயம் அவர்கள் மனதில் ஏறுவதற்கு முன்னால், முதல் நாளே கெபெஹுத் என்ற எகிப்தியப் பெண் தெய்வத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஒரு சொம்பில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஊற்றுங்கள், அப்புறம் அவள் பெயரே குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை எகிப்தியர்கள் எழுதும்போது தண்ணீர் கொட்டும் ஒரு குடத்தைப் படமாகப் போடுவார்கள், பிள்ளைகளையும் அதை வரையச் சொல்லுங்கள். உயிரெழுத்தை அவர்கள் எழுதியதில்லை, அதனால் கெப்ஹுத் என்றும் சொல்வார்கள், உச்சரிப்பில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம்.

அவள் அனுபிஸ் என்ற தெய்வத்தின் மகள். உடலைப் பதப்படுத்துவது அப்பாவின் வேலை. நாட்ரான் உப்பில் போட்டு ஈரம் முழுவதையும் உறிஞ்ச வைத்து, துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள் வரை ஆகும். அப்படி வறண்டு கிடப்பவருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவள் மகள். எகிப்தின் சக்காராவில் 4,000 வருடங்களுக்கும் முன்பு பிரமிடின் உள்சுவரில் செதுக்கிய வரிகளில், அவள் நான்கு குடங்களோடு இறந்த அரசனை எதிர்கொண்டு வந்து அவன் நெஞ்சைக் குளிர்விக்கிறாள். எனக்கு அந்த இடம் எப்போது நினைத்தாலும் தொண்டையை அடைக்கும்.

அவளைப் பாம்பு வடிவிலும் சொல்வதுண்டு. கோயில் புற்றுக்குப் பால் ஊற்றிய பிள்ளைகளுக்கு அது விசித்திரமாகத் தெரியாது.

சமீபத்தில் ஆயாவையோ தாத்தாவையோ இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அவசரப்படாதீர்கள். உடலைக் குளிப்பாட்டியதையும், தோளில் வைத்துச் சுற்றிவந்த குடத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஒழுகவிட்டதையும் அது பார்த்திருக்கும், அதுவாகவே பேச ஆரம்பித்தால் பேச விடுங்கள். இரண்டு வழக்கமும் ஒன்றுதான் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது.

இன்னொரு குழப்பம் நிச்சயம் வரும். எகிப்தியப் படங்களில் உள்ளுறுப்புகளை வைக்கும் நான்கு ஜாடிகளைப் பார்த்ததும் இவளுடைய குடங்கள் என்பார்கள். அவை ஹோரஸ் என்ற தெய்வத்தின் நான்கு மகன்களுடையவை, அதிலும் குடலைக் காக்கும் பருந்துத் தலைக்காரன் பெயர் கெபெஹ்செனுஃப், கிட்டத்தட்ட இவள் பெயர் மாதிரியே இருக்கும். இரண்டு பெயரையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, கெபெஹுத்துக்கு நேரே மட்டும் அந்தத் தண்ணீர்க் குடத்தை வரையுங்கள்.