கிழிந்த சைக்கிள் டயருக்கு அவசர ஒட்டு: எங்கே தவறுகிறோம்

காரைக்குடியைத் தாண்டிக் கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் மண்பாதையில் இறங்கினால் சீமைக்கருவேல முள் டியூபைக் குத்தும், துருத்திய கல்லோ டயரையே கிழிக்கும். ரெண்டுக்கும் பஞ்சர் ஒட்டு மட்டும் போதுமென்று நினைப்பதில்தான் முதலில் சறுக்குகிறோம். டயர் கிழிசலை அப்படியே விட்டுக் காற்றடித்தால், டியூப் அந்த வழியே குமிழாகப் பிதுங்கி, ரோட்டில் உரசி வெடித்துவிடும்.

கிழிசலுக்கு உள்பக்கம் பட்டை வைக்க வேண்டும். கைக்குக் கிடைக்கிறதே என்று பலர் பழைய டியூபை வெட்டி வைக்கிறார்கள். டியூப் ரப்பர் இழுபடும். காற்று ஏற ஏற அதுவும் சேர்ந்து வெளியே பிதுங்கும். தாங்குவது டயருக்குள் இருக்கும் நூல்தான், ஆகவே பழைய டயர்த் துண்டே சரி. 3 செ.மீ. கிழிசலுக்கு 10 செ.மீ. துண்டு எடுங்கள். கம்பி ஓடும் ரெண்டு விளிம்பையும் வெட்டி எறிந்துவிட்டு, நாலு ஓரத்தையும் பிளேடால் சாய்வாகச் சீவி, தாள்போல மெலிதாக்குங்கள். சீவாமல் தடித்த ஓரம் டியூபை அறுத்துக்கொண்டே இருக்கும். ரெண்டு நாளில் பட்டையின் விளிம்பிலேயே புதுப் பஞ்சர் வரும். பட்டையை டயரோடு ஒட்டலாம், டியூபோடு ஒட்டவே கூடாது. டயர்த் துண்டு இல்லையா, பால் கவரை நாலைந்தாக மடித்து வையுங்கள். கடைவரை மெல்லப் போய்ச் சேரலாம்.

கிழிசலை நைலான் நூலால் தைப்பவர்கள் உள்பக்கத் தையல்மேல் பட்டை வைக்க மறந்துவிடுகிறார்கள். உள்ளே புடைத்த முடிச்சு டியூபைத் தேய்த்துவிடும்.

டயருக்கும் ரிம்முக்கும் சேர்த்துக் கயிறு சுற்றுவது பெரிய ஆபத்து. கம்பி பிரேக் சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மின் அடிப்பக்கத்தில்தான் பிடிக்கும். கயிறு அதில் சிக்கினால் சக்கரம் சட்டென்று நின்று, ஆளைத் தூக்கியெறியும்.

டியூப் பஞ்சரை ஒட்டும்போது, சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவிய ஈரத்திலேயே ஒட்டை அமுக்காதீர்கள். உப்புத்தாளால் தேய்த்து, மெலிதாகத் தடவி, பளபளப்பு போகும்வரை 5 நிமிடம் காயவிடுங்கள். வாயால் ஊதினால் ஈரம் படிந்து ஒட்டு பிடிக்காது.

மாட்டுமுன் டயரின் உள்பக்கத்தைப் பழைய துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். ஒடிந்த முள்நுனி இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும்.

பட்டை வைத்த டயரில் கல்லாகக் காற்றடிக்காதீர்கள். கட்டைவிரலால் அமுக்கினால் லேசாக உள்வாங்க வேண்டும். கேரியரில் ஆளோ மூட்டையோ ஏற்றாதீர்கள். உச்சிவெயிலில் நிறுத்தாதீர்கள், காற்று விரிந்து டயரில் அழுத்தம் கூடும். முன்சக்கரத்து டயர் என்றால் வீடு சேர்ந்ததும் பின்சக்கரத்துக்கு மாற்றுங்கள். முன்னால் வெடித்தால் ஹேண்டில் கைக்கு அடங்காது.

விளிம்புக் கம்பியே அறுந்திருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. வண்டியை உருட்டிக்கொண்டே போங்கள்.