டிசம்பரில் டெலிவரி தேதி சொல்வது எப்படி?

வேலூர் தோட்டப்பாளையத்தில் பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் துணி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பொங்கல், தை முகூர்த்தம். சபையிலும் அதே மாதம்தான் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ், ஓய்வுநாள் பள்ளி நாடகம். ‘ஜெபம் பண்ணும்மா, எல்லாம் நடக்கும்’ என்பார்கள். ஜெபத்தோடு ஒரு நோட்டும் வேண்டும்.

நீளமான கணக்கு நோட்டில் பக்கத்துக்கு ஒரு டெலிவரி தேதி எழுதுங்கள். ஒரு நாளைக்கு உங்கள் கைக்கு எவ்வளவு ஓடுமோ அத்தனை வரிதான். லைனிங் பிளவுஸுக்கு இரண்டு வரி. நிரம்பியதும் அடியில் கோடு போடுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தேதி யாருக்கும் கிடையாது, போதகர் மனைவி ஐயரம்மாவுக்கும்கூட.

டைலர் என்றாலே ‘நாளைக்கு வாங்கக்கா’ என்று ஊரே சிரிக்கிறது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொல்கிற மத்தேயு 5:37 எங்கள் கவுண்டருக்கு எழுதினது என்றே நினைக்கிறேன். பொய்த் தேதி சொன்னால் அவர்கள் நாலு நடை நடப்பார்கள். நடைக்கு நடை மிஷினை விட்டு எழுந்து சமாதானம் சொல்ல வேண்டும், நடுவில் போன் வேறு. தைக்கிற நேரத்தைச் சாக்கு தின்றுவிடும்.

‘24க்கு முடியாதுக்கா, 28 ஆகும். பரவாயில்லன்னா வெச்சிட்டுப் போங்க.’ இவ்வளவு போதும். காரணம் அடுக்கினால் பேரம் ஆரம்பித்துவிடும்.

பக்கத்துக்கு ஒரு வரி மட்டும் காலியாக விடுங்கள். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடச் சொல்கிறது லேவியராகமம் 19. இங்கே பரதேசிக்குக் குறைவில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜ்களில் தங்கும் வங்காளத்துக்காரர்கள், ஆபரேஷன் ஆனவருக்கு நைட்டி கேட்டு வருவார்கள். கையைத் தூக்க முடியாது, தலைவழியாக மாட்ட முடியாது. அதனால் முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பட்டனுக்குப் பதில் நாடா. அளவு கொடுக்க ஆளும் வர முடியாது. பழைய நைட்டி ஒன்றை வாங்கி அதைவிட நாலு விரல் லூசாக வெட்டுவேன். அவர்களிடம் போய் 28 என்று சொல்ல முடியுமா? யாரும் வராத நாளில் வேறு துணியை இழுத்துப் போடாமல் இடுப்பை நிமிர்த்துங்கள்.

காஜா, ஹெம்மிங், ஹூக்கு எல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பெரிய வழக்கை நீர் பாரும், சின்னதை மற்றவர்கள் பார்க்கட்டும் என்று மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்ன புத்திதான் இது (யாத்திராகமம் 18). கட்டிங்கை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை. கூலியை அன்றன்றே கொடுங்கள். அதுவும் அதே லேவியராகமம் 19.

ஞாயிறு கடை பூட்டுதான். மன்னாவை ஆறாம் நாளே இரட்டிப்பாகச் சேர்த்தார்களே, அதுபோல ஓய்வுக்கான ஏற்பாடு முன்னாடியே நடக்க வேண்டும். சனிக்கிழமை மாலை புதுத் துணி வெட்டாதீர்கள். வெட்டினது கிடந்தால் கோயிலில் உட்கார்ந்தும் மனம் அதையேதான் தைக்கும்.

சபை வேலையையும் இதே நோட்டில் எழுத வேண்டும். கேரல் ரவுண்ட்ஸ் விடிய விடியப் போகும், மறுநாள் பக்கத்துக்குப் பாதி வரிதான். பாடகர்களுக்கு டீ, கேக் கொடுக்கிற வீடும் உங்கள் வீடென்றால் அந்தப் பக்கத்தையே மடித்துவிடுங்கள்.