ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை, சம்பளமும் வரவில்லை: சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது?

“ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லையே, எதை வைத்துச் சம்பளம் கேட்பது?” ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலர் இந்தக் கேள்வியோடு அப்படியே நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, வாய்ப்பேச்சில் சேர்ந்த வேலையும் ஒப்பந்தம்தான். முக்கிய விதிமுறைகளை வேலை தொடங்கி 14 நாளுக்குள் எழுத்தில் தரவேண்டியது முதலாளியின் கடமை. அவர் தராமல் விட்டதற்கு நீங்கள் பயப்படக் கூடாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லாமல்தான் எனக்கு வரவேண்டிய பாக்கி வந்தது.

முதலில், சம்பளம் கேட்டுக் கோரிக்கை பதிவதற்கான காலக்கெடுவைப் பாருங்கள். இன்னும் அதே வேலையில் இருந்தால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 1 வருடம். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். மாதச் சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் வரவேண்டும். ஓடி (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) பணம் 14 நாளுக்குள். “அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்” என்பதை நம்பிக் காத்திருந்தவர்களுக்குத்தான் கெடு தாண்டிப்போகிறது.

அடுத்தது ஐபிஏ கடிதம், அதாவது உங்கள் பெர்மிட்டுக்கு மனிதவள அமைச்சு தரும் முதற்கட்ட ஒப்புதல் கடிதம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பு வந்திருக்கும், தமிழிலும் இருக்கும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். அந்தச் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாதவருக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. தொலைந்திருந்தால் ஏஜென்டிடமோ ஊரில் வீட்டிலோ கேட்டு, போட்டோவாவது வாங்கிவிடுங்கள்.

இனி எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்: எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று காட்டுவது. அடிப்படைச் சம்பளம் வரவில்லை என்பதை வங்கிக் கணக்கே சொல்லிவிடும். ஓடி அப்படியில்லை. கம்பெனியின் டைம் கார்டு கம்பெனியிடம்தான் இருக்கும். அதனால் உங்கள் பதிவு உங்களிடம் வேண்டும். இதற்கென்று இருக்கும் ஆப்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, சைட் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், சாப்பாட்டு நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால், கேள்வி கேட்கும்போது தடுமாறுவீர்கள்.

நோட்டுக்குத் துணை வாட்ஸ்அப். “நாளை காலை 7 மணிக்கு இந்த சைட்டுக்கு வா” என்று சூப்பர்வைசர் அனுப்பிய மெசேஜ் ஒவ்வொன்றும் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து நிறுத்தாமல், முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் அது போகாது.

சரி, கணக்கு. மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 × 44, அதாவது 2288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படை 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் மணிக்கு சுமார் 3.15, ஓடிக்கு சுமார் 4.72. மாதவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள்: வரவேண்டியது, வந்தது, பாக்கி. மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.

அப்புறம், சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் அமைப்பான டிஏடிஎம்மின் (TADM) இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான உள்நுழைவுக் கணக்கு) வழியாகக் கோரிக்கை பதியுங்கள். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் தலையாட்டி உரிமையை விட வேண்டாம். பேச்சில் முடியாவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து 4 வாரத்துக்குள் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. அதனால் உங்கள் நோட்டும் தாளும்தான் உங்களுக்காகப் பேசும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பலர் கேட்டது, “புகார் கொடுத்தால் உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?” என்பதுதான். பெர்மிட்டை ரத்து செய்தாலும், கோரிக்கை நடக்கும்போது தங்கியிருக்க ஸ்பெஷல் பாஸ் தருவது உண்டு. விமான நிலையத்துக்கே கூட்டிப்போனாலும், குடிநுழைவு அதிகாரியிடம் சம்பளப் பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடம் உதவி கேளுங்கள்.

இன்னொருவர், எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டதாக எழுதிய வவுச்சரில் பணம் வரும் முன்பே கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். போடாதீர்கள். தொகை எழுதாத வெற்று வவுச்சரிலும் போடாதீர்கள். டிஏடிஎம்மில் எழுதும் சமரச ஒப்பந்தம் வேறு; அதில் தொகையும் கொடுக்கவேண்டிய தேதியும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். அதை 4 வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டால், முதலாளி பணம் தராதபோது நீதிமன்ற உத்தரவைப் போலவே அதை நிறைவேற்றக் கேட்கலாம்.